போர்க்களத்திலிருந்து வந்த லூகர்: உடைந்த கைப்பிடிப் பலகைகளை என்ன செய்வது?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் தமிழர், கிரீன் கார்டு பெற்றவர். அவருடைய மனைவி அமெரிக்கர். மனைவியின் தாத்தா இரண்டாம் உலகப் போரில் காலாட்படை வீரராக இருந்து 1945இல் ஜெர்மனியிலிருந்து ஊர் திரும்பியபோது ஒரு லூகர் பி08 கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தார். பென்சில்வேனியாவில் வாழ்ந்த மாமனார் சென்ற ஆண்டு காலமானபின், உயிலின்படி அது மகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மேற்புறத்தில் 'எஸ்/42' என்ற குறியும், தோட்டா அறையின் மேல் 1936 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. இரும்புப் பாகங்களின் எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. குறையெல்லாம் மரக் கைப்பிடியில்தான். இடப்பக்கப் பலகையின் மேல்மூலை சேஃப்டி லீவருக்கு அருகே சில்லாகப் பெயர்ந்துவிட்டது. அதே பலகையில் திருகுத் துளையிலிருந்து கீழ்நோக்கி ஒரு விரிசல் ஓடுகிறது. வழுக்காமல் பிடிப்பதற்காக வெட்டப்பட்ட குறுக்கு வரிகள் உள்ளங்கை படும் இடத்தில் மழுங்கி, மரம் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கிறது. வலப்பக்கப் பலகையில் யாரோ கத்திமுனையால் இரண்டு எழுத்துகளைக் கீறியிருக்கிறார்கள்.

மனைவியின் பிறந்த நாளுக்குள் இதைச் சீர்செய்து அவரை வியப்பில் ஆழ்த்த வேண்டும் என்பது வாசகரின் ஆசை. அதற்கு அவர் மனத்தில் பல வழிகள் உள்ளன. பழைய பலகைகளை உப்புத்தாளால் தேய்த்து, வரிகளை மீண்டும் வெட்டி, பளபளக்கும் பாலியுரித்தேன் பூசலாம். கள்ளக்குறிச்சியில் மரச்சிற்ப வேலை செய்யும் உறவினரிடம் ஈட்டி மரத்தில் புதிய பலகைகள் செதுக்கச் சொல்லலாம். நண்பர் ஒருவர் கொடுக்க முன்வந்துள்ள யானைத் தந்தப் பிடியைப் பொருத்தலாம். துப்பாக்கிக் கண்காட்சியில் ஒருவர் 'அசல், எண்ணும் அடித்துத் தருகிறேன்' என்று பெருந்தொகைக்கு விற்கும் பலகைகளை வாங்கலாம். எச்-1பி விசாவில் வந்து தம்முடன் தங்கியிருக்கும் தம்பிக்கு மரவேலையில் நல்ல கைத்திறன் உண்டு என்பதால் வேலையை அவரிடமே ஒப்படைக்க நினைப்பதாகவும், இவ்வளவு பழைய துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டம் எதுவும் பொருந்தாது என்று தாம் கருதுவதாகவும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

பழைய மரப்பொருள்களையும் ஆயுதங்களையும் பேணுகிற பணியில் இருப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது இரண்டு வேலைகள். நீங்கள் அவற்றை ஒன்றாக எண்ணிக் குழம்புகிறீர்கள். பழைய பலகைகளைக் காப்பது ஒரு வேலை. கையில் எடுத்துப் பார்க்கவும், காட்சிக்கு வைக்கவும் தகுந்த ஒரு பிடியை அந்தத் துப்பாக்கிக்கு அமைப்பது வேறொரு வேலை. முதல் வேலையில் எவ்வளவு குறைவாகக் கை வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. உங்கள் ஆர்வத்தையும் தம்பியின் கைத்திறனையும் முழுவதுமாகக் காட்ட வேண்டிய இடம் இரண்டாவது வேலை.

இன்னொன்றும் உண்டு. துப்பாக்கி உங்கள் மனைவியுடையது. அவருடைய தாத்தாவின் கை பட்ட மரத்தை அவருக்குத் தெரியாமல் தேய்த்துப் புதிதாக்கிக் கையில் கொடுத்தால், அவர் மகிழ்வாரா, மனம் நோவாரா என்பதை உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா? தேய்த்துப் போன மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. வியப்பில் ஆழ்த்தும் திட்டத்தைப் புதிய பலகைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழையவற்றைப் பற்றிய எந்த முடிவையும் அவரிடம் கேட்டே எடுங்கள்.

பழைய பலகைகளில் உப்புத்தாள் படக்கூடாது

புதிதுபோல் பளபளத்தால் மதிப்பு கூடும் என்று நீங்கள் நினைப்பது இயல்பே. வீட்டுக் கதவுக்கும் நாற்காலிக்கும் அது பெரும்பாலும் சரிதான். சேகரிப்பாளர்கள் மதிக்கும் கைத்துப்பாக்கியில் கணக்கு தலைகீழாகிறது. எஸ்/42 என்பது மாவுசர் ஆலையின் குறி. 1936இல் அந்த ஆலையிலிருந்து வெளிவந்த பி08இல் இருந்தது வால்நட் மரம். அதன் மேல் இருந்தது எண்ணெய் மெருகு. பாலியுரித்தேன் படலம் அந்தக் காலத்துப் பொருளே அல்ல. அதைப் பூசிய மறுகணமே, மரம் அசலாக இருந்தாலும், பார்க்கிறவர் கண்ணுக்கு அது நேற்று வாங்கிய நகல்போல் தெரியும். வரிகளை மீண்டும் வெட்டுவது அதைவிடக் கெடுதல். மழுங்கிய வரியை ஆழப்படுத்த வேண்டுமானால் சுற்றியுள்ள மேற்பரப்பையும் தாழ்த்தியாக வேண்டும்; பலகை மெலிந்து, இரும்புச் சட்டத்தின் விளிம்பைவிடத் தாழ்ந்துபோகும். ஒரு முறை மெலிந்த பலகையை எந்த வல்லுநராலும் தடிப்பாக்க முடியாது.

உங்கள் துப்பாக்கியின் எண்கள் ஒத்துப்போகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொருத்தம் மரத்திலும் தொடர்கிறதா என்று பார்த்தீர்களா? இராணுவத்துக்காகச் செய்யப்பட்ட லூகர்கள் பலவற்றில், தொடர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பலகையின் உட்புறத்திலும் அடித்திருப்பார்கள். ஒவ்வொரு சட்டத்துக்கும் பலகையைத் தனித்தனியே பொருத்தியதால் வந்த பழக்கம் அது. கழற்றிப் பார்த்து அந்த இலக்கங்கள் இருந்தால், மூலை உடைந்த அந்தப் பலகை, கண்காட்சியில் கிடைக்கும் குறையற்ற வேறெந்தப் பலகையைவிடவும் உங்கள் துப்பாக்கிக்கு மதிப்புக் கூட்டுவது. இலக்கங்கள் இல்லை என்றாலும் அவசரப்பட்டு அதை ஒதுக்கிவிடாதீர்கள்; உட்புறத்தில் இரும்புச் சட்டத்தின் நிழல் படிந்திருக்கும் வடிவமும், திருகுத் துளையைச் சுற்றி எண்ணெய் ஊறிய வளையமும் சட்டத்தோடு சரியாகப் பொருந்தினால், நெடுங்காலம் அங்கேயே இருந்த பலகை அது என்று கொள்ளலாம்.

மூலை பெயர்ந்த இடத்தைப் பற்றி ஒரு சொல். லூகர் பலகைகளில் மிகப் பரவலாகக் காணும் காயம் அதுதான். இடப்பக்கப் பலகையில் லீவருக்காக வெட்டப்பட்ட இடத்தை ஒட்டியுள்ள மரம் மெல்லியது. திருகைக் கழற்றியதும் பலகையை நேராக வெளியே நெம்புகிறவர்கள் அந்த மூலையை உடைத்துவிடுவார்கள். சரியான முறை, அடிப்பக்கத்தை மெல்லத் தூக்கி, பிறகு லீவரை விட்டு விலகும்படி பலகையைக் கீழ்நோக்கி நழுவவிடுவது. திருகின் வெட்டில் இடைவெளியின்றி உட்காரும் திருப்புளியையே பயன்படுத்துங்கள். கடையில் கிடைக்கும் சரிவான முனை நழுவி, திருகுத் தலையையும் மரத்தையும் சேர்த்துக் கீறிவிடும். வர மறுக்கும் பலகையைக் கத்தி செருகி நெம்ப வேண்டாம். சட்டத்துக்கும் மரத்துக்கும் இடையே உறைந்துபோன பழைய எண்ணெய் இளகுவதற்கு இரண்டு நாள் பொறுத்தாலும் தவறில்லை.

கழற்றுவதற்கு முன் துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்யுங்கள். மேகசினை (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) எடுங்கள், மேலுள்ள டாகிள் மடிப்பைப் பின்னிழுத்துத் திறந்து, தோட்டா அறையைக் கண்ணால் பார்ப்பதோடு விரலாலும் தடவிப் பாருங்கள். அறையில் தோட்டா இருந்தால் எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாவின் கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கி) சற்று மேலெழுந்து, அதன் பக்கத்தில் 'கெலாடன்' என்ற ஜெர்மன் சொல் தெரியும். அது 'ஏற்றப்பட்டுள்ளது' என்ற எச்சரிக்கை. அது தெரியவில்லை என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். இந்த வகைத் துப்பாக்கியில் பலருக்குத் தெரியாத ஓர் ஆபத்து உண்டு. குழலும் மேற்பகுதியும் சட்டத்திலிருந்து தனியே கழன்ற நிலையிலும், அறையில் தோட்டா இருந்து, பக்கவாட்டிலுள்ள சியர் தகடு (சுடும் ஊசியைப் பிடித்து நிறுத்தும் பாகம்) அழுத்தப்பட்டால், அது வெடிக்கும். எழுபது, எண்பது ஆண்டுகளாகப் பெட்டிக்குள் கிடந்தது என்பதால் காலியாகத்தான் இருக்கும் என்று எந்தப் போர்த் துப்பாக்கியையும் நம்பக்கூடாது.

விரிசலும் அழுக்கும்

பழைய பலகைகளுக்கு நீங்களே செய்யக்கூடியது மிகக் குறைவு. மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் மினரல் ஸ்பிரிட்ஸை (பெயிண்டைக் கரைக்கப் பயன்படும் பெட்ரோலியக் கரைப்பான்) ஈரம் தெரியாத அளவுக்குத் தொட்டு, முதலில் உட்புறத்தின் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்த்து, பிறகு வெளிப்புறத்தை ஒற்றி எடுங்கள். துணியில் கறுப்பு அழுக்கு வந்தால் தொடரலாம்; மரத்தின் பழுப்பு நிறம் வரத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். சுட்ட துப்பாக்கியில் ஈயத் துகள் படிந்திருக்கும் என்பதால் கையுறை அணியுங்கள்.

எண்ணெய்க் கறையைப் போக்க 'ஓவன் கிளீனர்' (அடுப்புக் கறை போக்கும் ரசாயனம்) தெளிக்கச் சொல்பவர்கள் உண்டு. அது காரம், மரநாரை அரித்து, நிறத்தைக் கறுப்பாக்கி, வரிகளின் கூர்மையைப் பஞ்சுபோல் ஆக்கிவிடும். ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும் கொண்டு ஆவியில் பள்ளங்களை எழுப்புவது சமதளமான துப்பாக்கிக் கட்டையில் நல்ல பலன் தரும். வரி வெட்டிய பலகையில் அதைச் செய்தால் வரிகளும் சேர்ந்து உப்பும்.

விரிசலைப் பொறுத்தவரை, எபாக்ஸியையோ சூப்பர் குளூவையோ தொடாதீர்கள். எண்ணெய் ஊறிய மரத்தில் பசை சரியாகப் பிடிக்காது. பிடித்தாலும், பின்னாளில் யாரும் அதைச் சேதமின்றிப் பிரிக்க முடியாது. எங்கள் தொழிலில் திரும்ப எடுக்கக்கூடிய பசைகளையே விரும்புகிறோம்: நம் ஊர்த் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் விலங்குப் பசை, அல்லது அசிட்டோனில் கரையும் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின். உங்கள் விரிசல் திருகை மிகையாக முறுக்கியதால் வந்ததாகவே தெரிகிறது. பலகையைக் கழற்றித் தனியே வைத்துவிட்டால் அது மேலும் வளரக் காரணமில்லை. உடைந்த மூலைக்கு மரம் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்று உங்கள் மனைவி விரும்பினால், அமெரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஃபார் கன்சர்வேஷன் என்ற அமைப்பு வெளியிடும் பட்டியலில் உங்கள் பகுதியிலுள்ள மரப்பொருள் பேணுநரைத் தேடலாம். என்னைக் கேட்டால், அந்த மூலையை அப்படியே விட்டுவிடுவேன்.

நண்பர்கள் இரும்புக்கும் சேர்த்து 'ப்ளூயிங்' (இரும்புக்கு நீலநிறப் பதம் ஏற்றுவது) செய்யச் சொல்வார்கள். 1936ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் சேஃப்டி லீவர், விசை போன்ற சிறு பாகங்கள் வைக்கோல் நிறத்தில் பதப்படுத்தப்பட்டவை. எல்லாவற்றையும் ஒரே நீலத்தில் முக்கி எடுத்தால் அந்த ஆண்டின் அடையாளமே போய்விடும். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

மாற்றுப் பலகையைத் தேர்ந்தெடுத்தல்

கண்காட்சி வியாபாரி சொன்னதாக நீங்கள் எழுதிய வாக்கியத்தை மீண்டும் படித்துப் பாருங்கள். அசல் பலகை என்றால் அதில் வேறொரு துப்பாக்கியின் எண் இருக்க வேண்டும், அல்லது எண்ணே இல்லாமல் இருக்க வேண்டும். உங்கள் எண்ணை இன்று அடித்துத் தருகிறேன் என்பது, வருங்காலத்தில் அதை வாங்கப்போகும் ஒருவரை ஏமாற்றுவதற்கான ஏற்பாடு. அதற்குப் பெருந்தொகை கொடுப்பவர் நீங்கள். பின்னாளில் விற்கும்போது பழி சுமக்கப் போவது உங்கள் மனைவி. பழைய பலகை என்று எதை யார் நீட்டினாலும் உட்புறத்தைப் பாருங்கள். அடித்த எண்ணின் பள்ளத்துக்குள் மரம் வெளிறிப் புதிதாகத் தெரிந்தால் எண் புதியது. உட்புறம் முழுவதும் ஒரே சீரான கறுப்புச் சாயம் இருந்தால் அது வயதைப் பூசிக் காட்டும் வேலை. உண்மையான முதுமை திட்டுத் திட்டாகத்தான் வரும். வெளிப்புறத் தேய்மானமும் கை படும் இடங்களில் இருக்க வேண்டும். கைபடாத மூலைகளிலும் வரிகள் அதே அளவுக்கு மழுங்கியிருந்தால், அதைத் தேய்த்தது உள்ளங்கை அல்ல.

உங்கள் தேவைக்கு, நகல் என்று வெளிப்படையாகச் சொல்லி விற்கப்படும் வால்நட் பலகைகளே போதும். லூகர் உலகெங்கும் சேகரிக்கப்படுவதால் அதற்கு இவை எளிதாகக் கிடைக்கின்றன. வாங்கும்போது 'பி08, கைப்பிடிப் பூட்டு இல்லாத வகை' என்று தெளிவாகக் கேளுங்கள். சுவிட்சர்லாந்து 1900இல் ஏற்றுக்கொண்ட வகையிலும் அதன் வழிவந்த சில வகைகளிலும் பிடியின் பின்புறத்தில் அழுத்திப் பிடிக்கும் பூட்டு உண்டு. அவற்றுக்கான பலகை உங்களுடையதில் சரியாக உட்காராது. லூகர் போலவே தோற்றமளிக்கும் .22 கேலிபர்த் துப்பாக்கிகளின் பலகையும் பொருந்தாது. இரண்டையும் 'லூகர் கிரிப்' என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பலகைகள் அழகாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவை 1941, 1942ஆம் ஆண்டுத் துப்பாக்கிகள் சிலவற்றுக்கு உரியவை. 1936க்குப் போட்டால் விவரம் தெரிந்தவர் முகம் சுளிப்பார்.

மர வகையையும் கேளுங்கள். ஐரோப்பிய வால்நட் தேன் கலந்த பழுப்பு. அமெரிக்கக் கறுப்பு வால்நட் சாக்லேட் நிறத்தில், சற்று ஊதா சாயலோடு இருக்கும். நகல் செய்பவர்கள் இரண்டையும் பயன்படுத்துகிறார்கள். பழைய பலகையோடு ஒத்த தோற்றம் வேண்டுமென்றால் முதலாவதைத் தேடுங்கள்.

பொருத்துவதும் மெருகேற்றுவதும்

இனி உங்கள் கைவேலை. புதிய பலகைகள் பெரும்பாலும் சற்றுப் பெரிதாகவே வரும். ஒவ்வொரு சட்டமும் மயிரிழை அளவுக்கு வேறுபடும் என்பதால் அப்படி வருவதே நல்லது. பலகை உட்காரவில்லை என்றால் மரத்தையே குறையுங்கள். இரும்பில் அரம் படக்கூடாது. எங்கே இடிக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க, சட்டத்தின் விளிம்பில் ஒரு மெல்லிய நிறப்பூச்சைத் தடவி, பலகையை வைத்து அழுத்தி எடுத்தால், இடிக்கும் இடம் மரத்தில் நிறமாகப் பதியும். இதற்கென்றே விற்கும் கறுப்புப் பசை உண்டு. துப்பாக்கி வேலைக்காரர்கள் பலர் உதட்டுச்சாயத்தையே பயன்படுத்துகிறார்கள், நானும் அதைத்தான் விரும்புகிறேன், துடைத்தால் உடனே போய்விடும். நிறம் பட்ட இடத்தை மட்டும் கூரான உளியாலோ சுரண்டியாலோ சீவி, மறுபடி வைத்துப் பாருங்கள். அவசரம் வரும் இடம் இது. ஒரே சீவலில் சரிசெய்ய முயன்றால் இடைவெளி விழுந்துவிடும். லீவர் தடையின்றி மேலும் கீழும் அசைகிறதா என்பதையும், பலகை இருக்கும்போது மேகசின் தடையின்றி இறங்குகிறதா என்பதையும் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வந்த பலகையில் ஏற்கெனவே தடித்த லாக்கர் இருந்தால் அதை ரசாயன நீக்கியால் எடுத்துவிட்டு, வரிகளுக்குள் தங்கியதைப் பழைய பல்துலக்கியால் துலக்குங்கள். வரி இல்லாத விளிம்பை மட்டும் நுண்ணிய உப்புத்தாளால், மரத்தின் ஓட்டத்தை ஒட்டித் தேய்க்கலாம். மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். கடையில் 'கொதிக்கவைத்தது' என்ற பெயரில், உலர்த்தி உப்புகள் சேர்த்து விற்பதை வாங்குங்கள். பச்சையாக விற்பது உலர நெடுநாள் எடுக்கும். விரல்நுனியால் மெல்லத் தடவி, கால் மணி நேரம் கழித்து மேலே நிற்பதையெல்லாம் துடைத்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் உலரவிட்டு, அடுத்த பூச்சைத் தொடங்குங்கள். வரிகளுக்குள் எண்ணெய் தேங்கினால் பிசினாக இறுகி, வரியே தெரியாமல் அடைத்துக்கொள்ளும். அங்கே உலர்ந்த பல்துலக்கியால் இழுத்து எடுக்க வேண்டும். உட்புறத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை, உங்கள் ஊர்க் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையின் வறண்ட காற்றில் வளைந்துவிடும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து வெப்பம் உண்டாக்கும்; சுருட்டிய துணியில் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். துணியை வெளியே ஒற்றை அடுக்காக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய உலோக டப்பாவில் போட்டு மூடுங்கள். கராஜில் வேலை செய்பவர்களுக்கு இதை நான் ஒருபோதும் சொல்லாமல் விடுவதில்லை.

எல்லாம் முடிந்தபின், திருகை விரல்நுனிப் பலத்தில் முறுக்கி நிறுத்துங்கள். புதிய பலகைகளின் உட்புறத்தில் 'நகல்' என்ற சொல்லையும் செய்த ஆண்டையும் ஆங்கிலத்தில் அழியாதபடி எழுதிவையுங்கள். உங்கள் பேரன் காலத்தில் யாராவது அதை அசல் என்று விற்க நினைத்தால் அந்த எழுத்து தடுக்கும்.

ஈட்டி மரமும் யானைத் தந்தமும்

கள்ளக்குறிச்சிச் சிற்பிகளின் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது பெருமைக்குரியது. ஆயினும் இந்த வேலையை உறவினரிடம் கொடுக்க வேண்டாம். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் ஆயுதத்தின் பாகங்களும் அடங்கும். ஆயுதம் செய்வதற்கு உரிமம் வேண்டும். வெறும் மரப்பலகை 'பாகம்' ஆகுமா என்பதில் வழக்கறிஞர்கள் இரு பக்கமும் வாதாடலாம். அந்த வாதத்தை உங்கள் உறவினர் ஒரு காவல் நிலையத்தில் நடத்த வேண்டிய நிலை வரலாமா? மாதிரிக்காகப் பழைய பலகையை அஞ்சலில் அனுப்பினால், வழியில் தொலையும் அபாயமும் உண்டு. ஈட்டி மரம் உள்ளிட்ட டால்பெர்ஜியா பேரினம் ஏறத்தாழ முழுவதும் 2017 முதல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2019இல் சிறிய அளவிலான முடிவுற்ற பொருள்களுக்குச் சலுகை வந்தது உண்மை; சுங்க அதிகாரியிடம் அதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய அளவுக்கு இந்தப் பலகை உங்களுக்கு அவசியமில்லை. ஜெர்மன் இராணுவ லூகரில் ஈட்டி மரம் இருந்ததும் இல்லை.

தந்தத்துக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். அமெரிக்க மத்திய அரசு 2016 ஜூலை முதல் ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் வணிகத்தை ஏறத்தாழ முழுமையாகத் தடுத்துவிட்டது. நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் கூடுதல் தடைகள் உள்ளன. அன்பளிப்பாகப் பெற்றாலும், தந்தப் பிடியோடு அந்தத் துப்பாக்கியைப் பின்னாளில் விற்க முனையும்போது, நூறாண்டுப் பழமையை நிறுவும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

சட்டமும் உங்கள் தம்பியும்

பழையது என்பதால் சட்டம் பொருந்தாது என்ற உங்கள் எண்ணம் தவறு. அமெரிக்க மத்தியச் சட்டம் 'பழம்பொருள்' என்று விலக்களிப்பது 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கிகளுக்கே. 1936இல் செய்யப்பட்டது ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டதால் 'கியூரியோ அண்ட் ரெலிக்' என்ற சேகரிப்பு வகையில் வரும். உரிமம் பெற்ற சேகரிப்பாளர்களுக்குச் சில வசதிகளைத் தவிர அந்தப் பெயர் வேறு எந்த விலக்கையும் தராது. உங்கள் வீட்டில் இருப்பது முழுமையான துப்பாக்கியே. மாநில எல்லை தாண்டி வந்ததைப் பற்றிக் கவலை வேண்டாம். உயில் வழியாக வரும் துப்பாக்கிக்கு மத்தியச் சட்டம் இடமளிக்கிறது. உயிலின் படி ஒன்றைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

கிரீன் கார்டு உள்ள நீங்கள் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டத்தில் தடையில்லை. உங்கள் தம்பியின் நிலை வேறு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாவிட்டால், துப்பாக்கியைக் கைவசம் வைத்திருப்பது மத்தியக் குற்றம். விசாவையும் எதிர்காலத்தையும் சேர்த்து இழக்க நேரலாம். பெட்டகத்தின் திறவுகோலோ எண்ணோ அவரிடம் இருப்பதே கேள்விக்கு இடம் கொடுக்கும். நம் குடும்பங்களில் அண்ணன் வீட்டுப் பொருள் தம்பிக்கும் உரியது என்றே வளர்ந்திருக்கிறோம். இந்த ஒரு பொருளில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஆனால் மத்தியச் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி என்பது எண் பொறித்த இரும்புச் சட்டமே (ஃபிரேம்). மரப்பலகைகள் துப்பாக்கி அல்ல; அவற்றை அஞ்சலில் வாங்க உரிமம் தேவையில்லை என்பதும் அதனால்தான். ஆகவே பலகைகளை மட்டும் தம்பியின் மேசைக்குக் கொண்டுபோங்கள். சுரண்டுவது, மெருகேற்றுவது எல்லாம் அவர் செய்யட்டும். நிறம் தடவி இரும்புச் சட்டத்தில் வைத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் துப்பாக்கி இருக்கும் அறைக்குப் பலகையை நீங்கள் எடுத்துச் செல்லுங்கள். சற்று அலைச்சல்தான். உங்கள் நிலைமையை முழுவதும் அறிந்த குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடமும் இந்த ஏற்பாட்டைச் சொல்லிவையுங்கள்.

பிடியின் பின்புறம் தோள்கட்டை மாட்டுவதற்கான ஒரு புடைப்பு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பலகை விற்பவர்களே மரத் தோள்கட்டையும் விற்பார்கள். நீண்ட குழல் கொண்ட சில லூகர் வகைகளுக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு. உங்களுடைய சாதாரண பி08இல் அதை மாட்டினால் 1934ஆம் ஆண்டுத் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி பதிவு செய்யாத குறுங்குழல் ரைஃபிள் வைத்திருந்த குற்றமாகும். வாங்கவே வேண்டாம்.

பழைய பலகைகளை எப்படி வைப்பது

அமிலமற்ற காகிதத்தில் தனித்தனியே சுற்றி, துப்பாக்கியின் தொடர் எண், கழற்றிய தேதி ஆகியவற்றை எழுதிய சீட்டோடு ஒரு பெட்டியில் வையுங்கள். ஈரப்பதம் பாதியளவில் நிலையாக இருக்கும் அறை போதும். நிலவறையும் மாடிப் பரணும் ஆகாது. தாத்தாவின் தோல் உறை இருந்தால் அதற்குள் துப்பாக்கியை வைக்காதீர்கள். தோல் பதனிட்ட பொருள்களும் அது இழுக்கும் ஈரமும் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். குடும்பத்தினர் யாராவது சுடுதளத்துக்கு எடுத்துச் செல்ல விரும்பினால் நகல் பலகைகளோடு போகட்டும். விற்கும் நாள் வந்தால் இரண்டு ஜோடிகளையும் சேர்த்துக் கொடுத்து, எது எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, வலப்பக்கப் பலகையில் கீறப்பட்ட இரண்டு எழுத்துகள். அவற்றைக் காயம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் தேய்த்து அழிக்க நினைத்ததும் அவற்றைத்தான். அவை உங்கள் மனைவியின் தாத்தாவுடைய பெயரின் முதலெழுத்துகளா என்று பார்த்தீர்களா? அப்படியானால், அந்தப் பலகை அவர் கையில் இருந்ததற்கு அதைவிட நேரடியான சான்று வேறில்லை. பொருந்தாவிட்டால் அவருக்கு முன் அதை வைத்திருந்த ஜெர்மானியருடையதாக இருக்கலாம். அதுவும் காக்க வேண்டியதே. பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். போர்ப் பொருளை ஊருக்குக் கொண்டுபோக அனுமதித்து அமெரிக்க இராணுவம் வீரர்களுக்குச் சான்றுத்தாள் கொடுத்தது. பலர் அதைக் கடிதங்களோடும் பதக்கங்களோடும் சேர்த்து வைத்திருந்தார்கள். மாமனார் வீட்டுப் பெட்டிகளைக் காலி செய்யும் முன் உங்கள் மனைவியிடம் அதைத் தேடச் சொல்லுங்கள். துப்பாக்கியின் எண் குறித்த தாள் ஒன்று கிடைத்தால், அதை லேமினேட் செய்துவிடாதீர்கள்; மடிப்பை வலிந்து நிமிர்த்தாமல், அமிலமற்ற உறையில் இட்டு, பழைய பலகைகளின் பெட்டியிலேயே சேர்த்து வையுங்கள்.